உளவு நிரல் கணினிக்குள் என்ன செய்கிறது, எடுத்ததை எப்படி வெளியே கொண்டுபோகிறது?

கேள்வி இதுதான்: ஆன்டிவைரஸ் இருக்கிறது, ஃபயர்வால் இருக்கிறது, அப்டேட்டும் ஒழுங்காகப் போடுகிறார்கள். அப்படியிருந்தும் அரசு அலுவலகங்களிலும் பெரிய நிறுவனங்களிலும் உளவு நிரல்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து கோப்புகளை எடுத்துக்கொண்டே இருக்கின்றன என்கிறார்களே, அது எப்படி? உள்ளே போய் அது என்னதான் செய்கிறது?

சுருக்கமாகச் சொன்னால், திருடுவதுதான் இந்த வேலையில் ரொம்ப எளிதான பகுதி. அதற்குப் பெரிய மந்திரம் எதுவும் வேண்டாம். கணினி தன் அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் வசதிகளே போதும். கஷ்டம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, யார் கண்ணிலும் படாமல் தங்குவது. இன்னொன்று, எடுத்ததைச் சந்தேகம் வராதபடி வெளியே அனுப்புவது. நல்ல உளவு நிரலை எழுதுகிறவர்கள் தங்கள் மூளையை இந்த இரண்டில்தான் செலவழிக்கிறார்கள்.

நுழைவதைப் பற்றி முதலில் பார்த்துவிடுவோம். பெரும்பாலும் மின்னஞ்சல்தான். 2011 மார்ச்சில் ஆர்எஸ்ஏ என்ற பாதுகாப்பு நிறுவனத்திலேயே இப்படித்தான் நடந்தது. ‘2011 ஆள்சேர்ப்புத் திட்டம்’ என்ற பொருளில் ஒரு எக்செல் கோப்பு சில ஊழியர்களுக்குப் போனது. மின்னஞ்சல் அமைப்பு அதைச் சரியாகவே குப்பைப் பெட்டியில் போட்டுவிட்டது. ஒருவர் அதைத் தேடி வெளியே எடுத்துத் திறந்தார். எக்செலுக்குள் ஒரு ஃபிளாஷ் கோப்பு. அது ஃபிளாஷில் அப்போது யாரும் அடைத்திராத ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி ‘பாய்சன் ஐவி’ என்ற தொலைவிலிருந்து இயக்கும் நிரலை நிறுவியது. அங்கே திருடப்பட்ட தகவல்தான் பின்னர் லாக்ஹீட் மார்ட்டின் என்ற ஆயுத நிறுவனத்தைத் தாக்கவும் பயன்பட்டது.

மின்னஞ்சல் வேலைக்காகாத இடங்களில் வேறு வழிகள். 2008-இல் அமெரிக்க ராணுவத்தின் ரகசிய வலையமைப்புக்குள் ‘ஏஜென்ட்.பிடிஇசட்’ போனது மத்தியக் கிழக்கில் உள்ள ஒரு தளத்தில் செருகப்பட்ட பென்டிரைவ் வழியாக. 2020-இல் சோலார்விண்ட்ஸ் விவகாரத்தில் யாரும் எதையும் தப்பாகத் திறக்கவில்லை. அந்த நிறுவனத்தின் ஓரியான் மென்பொருளுக்கு வந்த முறையான, கையொப்பமிட்ட அப்டேட்டுக்குள்ளேயே உளவு நிரல் இருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைத் தரவிறக்கியிருக்கக்கூடும் என்று நிறுவனமே சொன்னது. அப்டேட் போடாதீர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. போடாவிட்டால் இதைவிடச் சாதாரண ஆட்களே உள்ளே வந்துவிடுவார்கள்.

முதலில் உள்ளே வருவது முழு நிரலாக இருக்காது. ஒரு சின்னத் துண்டு வரும். அதன் வேலை சுற்றிப் பார்ப்பது: இது யாருடைய கணினி, எந்த நிறுவனத்தின் வலையமைப்பு, எந்தப் பாதுகாப்பு மென்பொருள் ஓடுகிறது, இது உண்மையான கணினியா அல்லது ஆய்வாளர் வைத்த பொறியா. சோலார்விண்ட்ஸ் அப்டேட்டில் வந்த ‘சன்பர்ஸ்ட்’ நிறுவப்பட்டதும் இரண்டு வாரம் வரை எதுவுமே செய்யாமல் சும்மா கிடந்தது. புதிய மென்பொருளைச் சோதிக்கிறவர்கள் யாரும் இரண்டு வாரம் உட்கார்ந்து பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கு. அப்புறம் எழுந்து பாதுகாப்புக் கருவிகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்; பட்டியலில் உள்ள சில கருவிகள் ஓடினால் அடங்கிவிடும். பதினெட்டாயிரம் பேரிடம் கதவு திறந்திருந்தும், உண்மையில் தாக்கியவர்கள் உள்ளே இறங்கியது மிகச் சில இடங்களில் மட்டுமே. பணயத்தொகை கேட்கும் நிரல் எத்தனை பேரிடம் முடியுமோ அத்தனை பேரிடமும் கைவைக்கும், திரை முழுக்கச் சத்தமாக அறிவிக்கும். உளவு நிரலுக்குத் தேவையில்லாத கணினி ஒவ்வொன்றும் பிடிபடுவதற்கான கூடுதல் வாய்ப்பு, அவ்வளவுதான்.

இடம் பிடித்தால், கணினியை அணைத்துப் போட்டாலும் மறுபடி எழுந்திருக்க ஏற்பாடு செய்துகொள்ளும். விண்டோஸில் தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியல், திட்டமிட்ட பணிகள், சர்வீஸ்கள் இவைதான் வழக்கமான இடங்கள். இன்னொரு தந்திரம் ரொம்பப் பரவலாக இருக்கிறது. நம்பகமான நிறுவனம் கையொப்பமிட்ட உண்மையான நிரல் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அது தொடங்கும்போது தன் பக்கத்தில் இருக்கும் டிஎல்எல் கோப்பு (நிரல்கள் துணைக்கு அழைக்கும் நிரல் துண்டு) ஒன்றைத் தேடும் என்பது தெரியும். அதே பெயரில் தங்கள் கோப்பை அங்கே வைத்துவிடுவார்கள். ‘பிளக்எக்ஸ்’ குடும்பம் பல வருடமாக இந்த வழியில் பிழைத்துக்கொண்டிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ஓடுவது நல்ல நிரல். அதன் வயிற்றுக்குள் இருப்பதுதான் வேறு.

இதில் உச்சத்துக்குப் போனவர்களும் உண்டு. 2015-இல் காஸ்பர்ஸ்கை என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய ‘ஈக்வேஷன்’ குழு ஹார்டு டிஸ்க்கின் ஃபர்ம்வேரையே, அதாவது டிஸ்க்கை இயக்கும் உள் நிரலையே, மாற்றி எழுதியது. டிஸ்க்கை அழித்து விண்டோஸை முதலிலிருந்து நிறுவினாலும் அது போகாது. அதே வருடம் காஸ்பர்ஸ்கையின் சொந்த வலையமைப்பிலேயே கண்டுபிடிக்கப்பட்ட ‘டுக்கு 2.0’ நேர் எதிர்த் திசையில் போனது: டிஸ்க்கில் பெரும்பாலும் எதையும் வைக்காமல் நினைவகத்திலேயே வாழ்ந்தது. கணினியை அணைத்தால் போய்விடுமே என்றால், அணைக்காத சர்வர்கள் சில இருக்கும். அங்கிருந்து மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

சரி, உண்மையில் என்ன எடுக்கிறது?

விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவுசெய்வது எல்லோருக்கும் தெரிந்தது. விண்டோஸே நிரல்களுக்கு அந்த வசதியைத் தருகிறது; குறுக்குவிசைகள் வேலை செய்ய அது வேண்டும். திரையைப் படமெடுப்பதும் அப்படியே. வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்கிற வசதி அதுதானே. காப்பி செய்து ஒட்டும் கிளிப்போர்டை எந்த நிரலும் படிக்கலாம். இவை எதற்கும் ஓட்டை கூடத் தேவையில்லை. உங்கள் பெயரில் ஓடும் நிரல் உங்களால் முடிந்ததை எல்லாம் செய்யும். கணினியின் பார்வையில் நீங்கள் வேறு, அது வேறு இல்லை.

இங்கேதான் ‘எங்கள் செயலியில் செய்தி முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்யப்படுகிறது, பயமில்லை’ என்ற நம்பிக்கை உடைகிறது. மறையாக்கம் வழியில் போகும் செய்தியைக் காக்கும். நீங்கள் தட்டச்சு செய்யும்போதும் திரையில் படிக்கும்போதும் அது வெறும் எழுத்துதான். உளவு நிரல் உட்கார்ந்திருப்பது அந்த முனையில்.

2012 மே மாதம் காஸ்பர்ஸ்கையும் புடாபெஸ்டின் கிரைசிஸ் ஆய்வகமும் ஈரானின் கணினி அவசரக் குழுவும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியிட்ட ‘ஃபிளேம்’ இந்தக் கலையின் முழுத் தொகுப்பு. எல்லாத் துணைப்பகுதிகளும் சேர்ந்தால் 20 மெகாபைட். உளவு நிரலுக்கு அது யானை அளவு. ஈரானின் அணு எரிபொருள் ஆலையைத் தாக்கிய ‘ஸ்டக்ஸ்நெட்’ நிரலைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. மைக்கை இயக்கி அறையில் நடக்கும் பேச்சைப் பதிவுசெய்து சுருக்கி வைத்துக்கொள்ளும். சும்மா தோன்றும்போதெல்லாம் திரையைப் படமெடுக்காது. அரட்டைச் செயலி போல முக்கியமானது எதுவும் திறந்திருந்தால் எடுக்கும். புளூடூத் இருந்தால் பக்கத்தில் இருக்கும் கைப்பேசிகளின் விவரத்தைத் திரட்டும். ஒரே வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகளுக்குத் தன்னை விண்டோஸ் அப்டேட் என்று காட்டிப் பரவியது. கோப்புக்குக் கைரேகை போல ஒரு எண்ணைக் கணக்கிடும் எம்டி5 என்ற பழைய முறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி மைக்ரோசாஃப்ட் பெயரில் ஒரு போலிச் சான்றிதழையே உருவாக்கியிருந்தார்கள். இதற்குத் தேர்ந்த கணிதவியலாளர்கள் வேண்டும். சில்லறைத் திருடனால் முடிகிற காரியம் அல்ல.

ஆனால் ஃபிளேமில் எனக்கு மிகவும் கவனிக்கத்தக்கதாகத் தோன்றுவது மைக்கும் புளூடூத்தும் அல்ல. கோப்புகளை அது எடுத்த விதம். வேர்டு, பிடிஎஃப், வரைபடக் கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே அள்ளி அனுப்பவில்லை. முதலில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து அனுப்பும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் படித்துப் பார்த்து, இது வேண்டும் என்றால்தான் முழுக் கோப்பு போகும். அனுப்பும் அளவு குறைந்தால் கண்ணில் படுவதும் குறையும். அங்கே படிக்க ஆளும் அளவோடுதான் இருக்கும்.

2013 ஜனவரியில் வெளிவந்த ‘ரெட் அக்டோபர்’ இதே விஷயத்தை வேறு விதமாகச் செய்தது. 2007 முதலே தூதரகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் குறிவைத்து ஓடிய அந்த நிரலுக்குக் கோப்பு வகைகளின் பட்டியல் ஒன்று தரப்பட்டிருந்தது. அதில் ‘ஆசிட்’ என்று தொடங்கும் நீட்சிகளும் (கோப்புப் பெயரில் புள்ளிக்குப் பின் வரும் பகுதி) இருந்தன. ஐரோப்பிய ஒன்றியமும் நேட்டோவும் ரகசிய ஆவணங்களைப் பூட்டப் பயன்படுத்திய மென்பொருளின் கோப்புகள் அவை. பட்டியலைப் பார்த்தாலே அனுப்பியவருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது. பென்டிரைவில் நீங்கள் அழித்துவிட்ட கோப்புகளைக்கூட மீட்டெடுத்துக் கொண்டுபோகும் பகுதி அதில் இருந்தது. கண்டுபிடித்து நீக்கிவிட்டாலும் திரும்பி வர ஒரு வழி வைத்திருந்தது: அடோபி ரீடருக்கும் ஆஃபிசுக்கும் துணைநிரல் போல ஒரு சின்னத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும், குறிப்பிட்ட விதமான ஆவணம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பினால் அது மறுபடி உயிர்பெறும்.

கடவுச்சொற்கள் தனிக் கதை. உலாவியில் சேமித்து வைத்தவை பூட்டப்பட்டுத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பூட்டு பெரும்பாலும் உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. உங்கள் பெயரில் ஓடும் நிரல் கேட்டால் திறந்துவிடும் நிலைதான் நெடுநாள் இருந்தது. உலாவிகள் இப்போது கொஞ்சம் இறுக்கியிருக்கின்றன. அதைவிட ஆபத்து குக்கி. ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு உலாவி வைத்திருக்கும் அந்தச் சீட்டைத் தூக்கிப்போய் வேறொரு கணினியில் வைத்தால், கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அலுவலக வலையமைப்பு என்றால் விண்டோஸின் நினைவகத்திலேயே உள்நுழைவு விவரங்கள் கிடக்கும். அவற்றை எடுக்கும் ‘மிமிகாட்ஸ்’ 2011 முதல் வெளிப்படையாகவே கிடைக்கும் கருவி. ஒரு கணினியில் நிர்வாகி ஒருமுறை உள்நுழைந்திருந்தால் போதும். அந்த விவரத்தை வைத்து அடுத்த கணினி, அங்கிருந்து சர்வர், அங்கிருந்து மின்னஞ்சல் பெட்டிகள் என்று நகர்வார்கள். இந்தக் கட்டத்துக்கு வந்த பிறகு நிறையக் குழுக்கள் தங்கள் நிரலையே பயன்படுத்துவதில்லை. பவர்ஷெல் போல விண்டோஸோடு வரும் கருவிகளே போதும். ஆன்டிவைரஸ் எதைப் பிடிக்கும்? அங்கே வைரஸே இல்லையே.

கேமராவை மூடுவதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மூடிக்கொள்ளுங்கள், நஷ்டமில்லை. ஆனால் உளவாளிக்கு உங்கள் முகம் அவ்வளவு முக்கியம் இல்லை. மின்னஞ்சல்தான் வேண்டும்.

இனி வெளியே அனுப்புவது. என் கணக்கில் முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

திரட்டிய கோப்புகளை உள்ளேயே ஒரு கணினியில் சேர்ப்பார்கள். அடிக்கடி யாரும் பார்க்காத, ஆனால் இணையத் தொடர்பு உள்ள ஒன்று. அங்கே ரார் போன்ற நிரலில் சுருக்கி, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, துண்டு துண்டாக வெட்டுவார்கள். பூட்டுவது ஏன் என்றால், வழியில் சோதிக்கும் கருவி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. ஆர்எஸ்ஏவில் செய்ததும் இதுதான், சீன ராணுவப் பிரிவு ஒன்றோடு தொடர்புடையது என்று மாண்டியன்ட் நிறுவனம் 2013-இல் அறிவித்த ‘ஏபிடி1’ குழு செய்ததும் இதுதான். அந்த அறிக்கையின் எண்கள் இன்றும் மலைக்க வைக்கின்றன: 141 நிறுவனங்கள், ஒரு வலையமைப்பில் சராசரியாக 356 நாள் தங்கல், மிக நீண்டது 4 வருடம் 10 மாதம், ஒரே நிறுவனத்திலிருந்து பத்து மாதத்தில் 6.5 டெராபைட்.

அனுப்பும் வழிதான் வருடத்துக்கு வருடம் நுட்பமாகிக்கொண்டே போகிறது. பழைய நிரல்கள் ஏதோ ஒரு விசித்திரமான போர்ட்டில் (இணைப்புக்கான எண்ணிட்ட வாசல்) தெரியாத முகவரிக்கு இணைப்பு போடும், ஃபயர்வால் தடுத்துவிடும். இப்போது சாதாரண இணையதளத்துக்குப் போகும் அதே பூட்டிய இணைப்பு. போகிற இடம் பெரும்பாலும் எல்லோரும் பயன்படுத்தும் மேகச் சேமிப்புச் சேவை. அலுவலகத்தில் யாரும் அதைத் தடுக்க மாட்டார்கள், தடுத்தால் வேலையே நடக்காது. 2015-இல் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரித்த ‘ஹாமர்டாஸ்’ தினமும் ஒரு ட்விட்டர் கணக்கின் பெயரைத் தானே கணக்கிட்டு, அங்கே பதிவு ஏதும் வந்திருக்கிறதா என்று பார்க்கும். பதிவில் உள்ள இணைப்பு ஒரு படத்துக்குப் போகும். படத்துக்குள் கட்டளை ஒளிந்திருக்கும். வேலைநாட்களில் மட்டும் தொடர்புகொள்ளும்படியும் அதை அமைக்கலாம். ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்குக் கணக்காளரின் கணினி தானாக இணையத்துக்குப் போனால் யாராவது கேட்பார்கள் இல்லையா?

சன்பர்ஸ்ட் தன் முதல் தகவலை டிஎன்எஸ் வழியாகவே கடத்தியது. ஒரு இணையதளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரச் சொல்லும் அந்தச் சின்னக் கேள்விக்குள்ளேயே, பாதிக்கப்பட்ட நிறுவனத்தின் பெயரைச் சங்கேதமாக வைத்து அனுப்பியது. ‘டுர்லா’ என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. தங்கள் சர்வர் எங்கே இருக்கிறது என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காகச் செயற்கைக்கோள் இணையத்தைப் பயன்படுத்தும் அப்பாவிகளின் முகவரியைக் கடன்வாங்கினார்கள். தரவு வானத்திலிருந்து ஒரு பெரிய பரப்பு முழுக்க இறங்கும். அந்தப் பரப்பில் எங்கோ ஓரிடத்தில் ஆன்டெனா வைத்துக்கொண்டு உளவாளி அதை அள்ளிக்கொள்வார். 2017-இல் இதே குழு பிரிட்னி ஸ்பியர்ஸின் இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே வந்த ஒரு கருத்துக்குள் சர்வரின் முகவரியை ஒளித்து வைத்திருந்ததை ஈசெட் நிறுவனம் கண்டுபிடித்தது. ரசிகர் யாரோ உளறியிருக்கிறார் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

இணையமே இல்லாத கணினிகளையும் விடுவதில்லை. 2016-இல் தெரியவந்த ‘ப்ராஜெக்ட் சௌரான்’ பென்டிரைவில் சில நூறு மெகாபைட் இடத்தை விண்டோஸுக்குத் தெரியாதபடி ஒதுக்கி வைக்கும். தனித்து நிற்கும் கணினியில் செருகினால் அங்கே கோப்புகள் சேரும். இணையம் உள்ள கணினிக்கு வந்ததும் வெளியே போகும். பென்டிரைவைக் கொண்டுபோகிறவருக்குத் தான் தூதுவன் என்பதே தெரியாது.

இவ்வளவு இருந்தும் பிடிபடுகின்றன. எப்படி என்று பார்த்தால் பெரும்பாலும் கோப்பைப் பார்த்து அல்ல, போக்குவரத்தையும் நடத்தையையும் பார்த்துத்தான். 2008-இல் டொரண்டோவின் சிட்டிசன் லேப் குழுவினர் தலாய் லாமாவின் அலுவலகத்தில் வலைப் போக்குவரத்தைப் பதிவுசெய்தபோது, ஆவணங்கள் வெளியே போவது கண்ணெதிரே தெரிந்தது. அந்தத் தடத்தைப் பின்தொடர்ந்து போனால் கட்டுப்பாட்டு சர்வரின் பக்கத்துக்குக் கடவுச்சொல்லே போடவில்லை. 103 நாடுகளில் 1,295 கணினிகள் அங்கே வரிசையாக இருந்தன. ‘கோஸ்ட்நெட்’ என்று பெயர் வைத்தார்கள். சோலார்விண்ட்ஸ் விவகாரம் வெடித்ததோ இன்னும் சின்ன விஷயத்தில்: ஃபயர்ஐ ஊழியர் ஒருவரின் கணக்கில் இரண்டாவதாக ஒரு கைப்பேசி பதிவானது, பாதுகாப்புக் குழு அவரைக் கூப்பிட்டு, இது நீங்கள்தானா என்று கேட்டது. இல்லை என்றார்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர் என்றால், எது உள்ளே வருகிறது என்பதில் செலவிடும் கவனத்தில் பாதியையாவது எது வெளியே போகிறது என்பதில் வையுங்கள். எந்தக் கணினி வழக்கத்தைவிட அதிகமாக அனுப்புகிறது, எது சீரான இடைவெளியில் ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறது, எந்த சர்வருக்கு இணையமே தேவையில்லாமல் இணையம் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். டிஎன்எஸ் பதிவுகளைச் சேமியுங்கள். ஒரு வருடத்துக்கு முந்தையதும் வேண்டியிருக்கும், 356 நாள் சராசரியை மறக்க வேண்டாம். நிர்வாகிக் கணக்கில் தினசரி வேலை செய்யாதீர்கள். தனிநபர் என்றால் மேலே சொன்ன பெரிய குழுக்கள் உங்களைத் தேடி வர வாய்ப்பு குறைவு, பத்திரிகையாளராகவோ வழக்கறிஞராகவோ செயற்பாட்டாளராகவோ இருந்தால் தவிர. உங்களுக்கு வருவது பெரும்பாலும் கடவுச்சொல்லையும் குக்கியையும் மொத்தமாக அள்ளி விற்கும் மலிவு நிரல்கள். அவை அதிகம் வருவது திருட்டு மென்பொருள், விளையாட்டுக்கான குறுக்குவழி நிரல், போலித் தரவிறக்கப் பக்கம் வழியாக. அந்த மூன்றையும் தவிர்த்தாலே பெரும்பகுதி தீர்ந்தது. முக்கியக் கணக்குகளுக்கு ஓடிபிக்குப் பதில் பாதுகாப்புச் சாவி அல்லது பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியிலேயே இருக்கும் டிஜிட்டல் சாவி) வையுங்கள். போலிப் பக்கம் அதை ஏமாற்ற முடியாது. வேலை முடிந்ததும் வெளியேறிவிடும் பழக்கம் குக்கித் திருட்டைத் தடுக்கவும் ஓரளவு உதவும்.

ஒருவேளை சந்தேகம் வந்துவிட்டால் உடனே செய்யத் தோன்றும் காரியம், கணினியை அழித்துப் புதிதாக விண்டோஸ் போடுவது. வீட்டுக் கணினி என்றால் அதுவே சரி. போட்ட பிறகு, அல்லது வேறொரு நல்ல கணினியிலிருந்து, கடவுச்சொற்களை மாற்றி எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானை அழுத்துங்கள். அலுவலகம் என்றால் அவசரப்படாதீர்கள். அழித்தால் தடயமும் போகும். அவர்கள் வேறு எத்தனை கணினிகளில் இருக்கிறார்கள் என்பது தெரியாமலே போகும். அணைத்தால் நினைவகத்தில் மட்டும் இருந்தது காணாமல் போகும். வலைக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, கணினியை ஓடவிட்டு, தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள். கூப்பிடுவதை அலுவலக மின்னஞ்சலில் செய்யாதீர்கள். உளவாளிகளும் அதைப் படித்துக்கொண்டிருக்கலாம்; விஷயம் வெளியே தெரிந்துவிட்டது என்று கண்டால் தடயத்தை அழித்துவிடுவார்கள். டுக்கு 2.0-வின் முன்னோடியான டுக்கு பற்றிய செய்தி வெளியான சில நாட்களில், 2011 அக்டோபர் 20 அன்று, அதை இயக்கியவர்கள் தங்கள் சர்வர்களைத் துடைத்துவிட்டுப் போனார்கள். ஃபிளேம் வெளிச்சத்துக்கு வந்ததும் அதன் சர்வர்களிலிருந்து மீதமிருந்த கணினிகளுக்கு ஒரு கட்டளை போனது: உன் கோப்புகளை எல்லாம் அழி, அழித்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுது.